எண்ணியும் சேராத ஆண்டுகள்: முகாம் தமிழர்களும் குடியுரிமையின் வசிப்பு விதியும்

எழுபதைத் தாண்டிய அந்தப் பாட்டி மஞ்சப்பையைப் பாயில் கவிழ்த்தார். முதலில் விழுந்தது ஆதார் அட்டை. அடுத்து முகாம் குடும்ப அட்டை, மகனின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பேத்தியின் சாதிச் சான்றுக்காக எழுதி எழுதித் திரும்பி வந்த மனுக்கள். எல்லாவற்றுக்கும் அடியில், நான்காக மடித்து பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த ஒரு பழைய தாள். 1990இல் ராமேஸ்வரத்தில் இறங்கியபோது பெயரைப் பதிந்து கொடுத்த துண்டுச் சீட்டு. மடிப்பு விழுந்த இடத்தில் மை போயிருந்தது. தேதி மட்டும் தெரிந்தது.

தமிழ்நாட்டின் வட மாவட்டம் ஒன்றில் இருக்கிறது அந்த இலங்கை அகதிகள் முகாம். வழக்கறிஞர் நண்பருக்கு உதவியாக மனு எழுதிக் கொடுக்கத்தான் நான் போயிருந்தேன். பாட்டி பிறந்தது இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் வவுனியாவுக்கு இறங்கியது. அங்கும் இருக்க முடியாமல் 1990இல் மன்னார் கரையிலிருந்து படகு ஏறினார்கள். அப்போது மகனுக்கு எட்டு வயது. அன்று தொடங்கி இன்றுவரை முகாம்தான். முகாமைப் பற்றிக் கேட்டபோது பாட்டி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அங்க விடியக்காலையில பெரட்டு. இங்க செக்கிங். ரெண்டு எடத்துலயும் பேர் கூப்பிட்டா 'இருக்கேன்'னு சொல்லணும் தம்பி. அம்பது வருசத்துக்கு மேல இருக்கேன் இருக்கேன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் சடங்கு. அன்று வேலைக்கு நின்றவர் பெயர் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஏறும், நிற்காதவருக்குச் சம்பளம் இல்லை. செக்கிங் என்பது முகாமில் வருவாய்த் துறையும் உளவு வேலை பார்க்கும் கியூ பிரிவு போலீசும் வைக்கும் தணிக்கை. அட்டையில் உள்ளவர் நேரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உதவித்தொகை நிற்கும், பதிவே ரத்தாகலாம் என்ற பயமும் உண்டு. பெயின்ட் அடிக்க வெளியூர் போன ஆண்கள் அந்த நாளுக்காக ராத்திரி பஸ் பிடித்து ஓடி வருவார்கள்.

இந்தச் செக்கிங்கிலிருந்துதான் இவர்கள் இந்தியக் குடியுரிமை கேட்கும் வழக்கைப் பார்க்கத் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். குடியுரிமை கேட்கும் ஒருவரிடம் உலகில் எந்த நாடும் கேட்கும் முதல் கேள்வி, "இங்கே எத்தனை ஆண்டு வசித்தாய், அதற்கு என்ன அத்தாட்சி?" என்பது. இந்தியாவில் இந்தக் கேள்விக்கு இவர்களைவிடத் தெளிவாகப் பதில் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. அரசாங்கமே நாற்பது ஆண்டுகளாகப் பேரேடு வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் சட்டத்தின் கணக்கில் இவர்கள் வசித்த காலம் பூஜ்யம்.

விதி என்ன சொல்கிறது

1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டம் வெளிநாட்டில் பிறந்தவருக்கு இரண்டு முக்கிய வழிகளை வைத்திருக்கிறது. ஒன்று, 5ஆம் பிரிவின் பதிவு முறை. இந்திய வம்சாவளியினர் ஏழு ஆண்டுகள் இங்கே சாதாரணமாக வசித்திருந்தால் பதிந்துகொள்ளலாம். மற்றொன்று, 6ஆம் பிரிவின் இயல்புரிமை முறை. இதற்கான நிபந்தனைகள் மூன்றாம் அட்டவணையில் இருக்கின்றன. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதங்கள் தொடர்ச்சியாக இங்கே இருந்திருக்க வேண்டும். அதற்கும் முந்தைய 14 ஆண்டுகளில் மொத்தமாக 11 ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும். நன்னடத்தையும், அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி ஒன்றில் போதிய அறிவும் வேண்டும்.

இந்த எண்கள் காலப்போக்கில் ஏறிக்கொண்டே வந்தவை. 1955இல் இயல்புரிமைக்கு ஏழில் நான்கு ஆண்டு போதும். 1986இல் அது பன்னிரண்டில் ஒன்பது ஆனது. 2003 திருத்தம் பதினான்கில் பதினொன்று ஆக்கியது. பதிவு முறையில் ஆறு மாதமாக இருந்தது ஐந்து ஆண்டாகி, பிறகு ஏழானது. அசாமில் எழுந்த அரசியல் கொந்தளிப்பின் அலை இந்தத் திருத்தங்களில் அடித்தது. அதில் நனைந்தவர்களில் ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களும் உண்டு.

எண்கள் ஏறியது பெரிய விஷயமில்லை. பதினொன்று என்ன, இருபத்தைந்து கேட்டாலும் இவர்களிடம் இருக்கிறது. கதவை அடைத்தது அதே 2003 திருத்தம் கொண்டுவந்த ஒரு சொல்: சட்டவிரோதக் குடியேறி. செல்லுபடியாகும் கடவுச்சீட்டோ பயண ஆவணமோ இல்லாமல் நுழைந்த வெளிநாட்டவரும், அனுமதித்த காலத்தைத் தாண்டித் தங்கிய வெளிநாட்டவரும் சட்டவிரோதக் குடியேறிகள். பதிவு, இயல்புரிமை என்ற இரண்டு வழிகளிலும் "சட்டவிரோதக் குடியேறியாக இல்லாத" என்ற நிபந்தனை சேர்ந்தது. 2004 டிசம்பர் 3இல் அது நடைமுறைக்கு வந்தது.

ஆக, வசித்த காலத்தை எண்ணுவதற்கு முன்பே சட்டம் இன்னொரு கேள்வியைக் கேட்டுவிடுகிறது: எந்த வாசல் வழியாக வந்தாய்? வீடு எரியும்போது கடவுச்சீட்டு அலுவலகத்தில் வரிசையில் நிற்க யாராலும் முடியாது. 1983 ஜூலைக்குப் பிறகு வந்தவர்களும், 1990 ஜூனுக்குப் பிறகு வந்தவர்களும், 1995க்குப் பிறகும் 2006க்குப் பிறகும் வந்தவர்களும் பெரும்பாலும் மீன்பிடிப் படகில் வந்தவர்கள். படகோட்டிக்கு நகையைக் கழற்றிக் கொடுத்து, மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டு, கடற்படையோ மீனவரோ வந்து கரை சேர்த்தவர்கள். 1983 தொடங்கிப் பதிவானவர்கள் மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேல். பலர் திரும்பிவிட்டார்கள், சிலர் வேறு நாடு போனார்கள். 2021இல் தமிழ்நாடு அரசு சொன்ன கணக்கின்படி முகாம்களில் இருந்தவர்கள் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர். காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வெளியே வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 34 ஆயிரம் பேர்.

ஒரே குடும்பம், இரண்டு நாடு

முகாமில் இருக்கும் எல்லாரையும் ஒரே கூட்டமாகப் பார்த்தால் இந்த வழக்கு புரியாது. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலைப் பக்கத்து இலங்கைத் தமிழர் ஒரு பகுதி. பாட்டியைப் போன்ற மலையகத் தமிழர் இன்னொரு பகுதி. இவர்களுடைய பாட்டனும் பூட்டனும் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் திரட்டிக் கொண்டுபோன கூலிகள். போன வழியும் மண்டபம்தான். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் ஆட்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைக்க வெள்ளைக்காரர் காலத்தில் மண்டபத்தில் ஒரு முகாம் இருந்தது. அதே மண்டபம் முகாமில்தான் பேரன் பேத்திகள் அகதிகளாகப் பதியப்பட்டார்கள். பாட்டியின் தாத்தா அங்கே அம்மைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு படகேறினார் என்று வீட்டில் கதை உண்டாம். அந்தக் கதைக்கு அத்தாட்சி எதுவும் அந்தப் பையில் இல்லை.

1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேரைச் சரக்கு பிரிப்பதுபோலப் பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். இந்தியக் கடவுச்சீட்டு கிடைத்தவர்கள் தலைமன்னாரிலிருந்து கப்பலில் வந்து 'தாயகம் திரும்பியோர்' ஆனார்கள். நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் அவர்களுக்காகவே போடப்பட்டவை. 1984இல் கப்பல் நின்றுபோனது. வரிசையில் நின்றவர்கள் அப்படியே நின்றார்கள்.

பாட்டியின் சித்தப்பா குடும்பம் கப்பல் நிற்பதற்கு முன்பே வந்துவிட்டது. கூடலூர் பக்கம் இருக்கிறார்கள், வாக்காளர்கள், ஒருவர் ஊராட்சித் தேர்தலிலும் நின்றிருக்கிறார். பாட்டியின் குடும்பம் படகில் வந்தது, ஆகவே சட்டவிரோதக் குடியேறிகள். இரத்தம் ஒன்று, பூட்டன் ஊர் ஒன்று, வந்த வாகனம் மட்டும் வேறு.

இந்திய வம்சாவளிக்கு 5ஆம் பிரிவு தரும் சலுகையும் இவர்களுக்கு எட்டுவதில்லை. விண்ணப்பிப்பவரோ அவருடைய தாய் தகப்பனில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும் என்று சட்டம் வரையறுக்கிறது. பாட்டியின் அப்பா பிறந்ததே லயத்தில்தான். தாத்தா தலைமுறைவரை சட்டம் போவதில்லை.

இலங்கை பக்கத்திலும் இதே வசிப்பு விதி ஒரு காலத்தில் முட்டுக்கட்டை போட்டது. 2003இல் இலங்கை நாடாளுமன்றம் இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்கு 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்திருக்க வேண்டும். போருக்குத் தப்பி இந்தியா வந்தவர் அந்த நிபந்தனையில் தவறிப்போனார். 2009இல் திருத்தம் வந்து அந்த ஓட்டையை அடைத்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் நிலைமையைப் பாருங்கள்: இந்தியாவில் வசித்ததால் இலங்கை ஏற்காது, படகில் வந்ததால் இந்தியா ஏற்காது.

65 பேர் போட்ட மனு

2009இல் 65 பேர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார்கள். திருச்சி கொட்டப்பட்டு முகாம் உள்ளிட்ட இடங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழர்கள், 1983 கலவரத்தை அடுத்து வந்தவர்கள். தங்கள் குடியுரிமை விண்ணப்பங்களை ஏற்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அதற்கு முன் அவர்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தும் பலன் இல்லை. இலங்கை அகதிகளின் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மத்திய அரசின் அறிவுறுத்தலே இருந்தது. தகுதி உண்டா இல்லையா என்று பார்த்து நிராகரிப்பது ஒரு ரகம். தாளையே வாங்காமல் திருப்புவது வேறு ரகம். நிராகரித்தால் மேல்முறையீடு செய்யலாம். வாங்காவிட்டால் எதை எதிர்த்து முறையிடுவது?

பத்து ஆண்டுகள் கழித்து, 2019 ஜூன் 17இல் தீர்ப்பு வந்தது. நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் எழுதியது. மனுதாரர்கள் சட்டவிரோதக் குடியேறிகள், ஆகவே தகுதி இல்லை என்பது மத்திய அரசின் வாதம். சட்டத்தின் எழுத்துப்படி அந்த வாதம் சரிதான் என்பதை நீதிபதி மறுக்கவில்லை. குடியுரிமை வழங்குவது மத்திய அரசின் அதிகாரம், நீதிமன்றம் தானே எடுத்து வழங்க முடியாது என்றும் ஒப்புக்கொண்டார். ஆனால் அதோடு அவர் நிற்கவில்லை. இவர்கள் நம் மொழி பேசுகிறவர்கள், வேர் இங்கே இருப்பவர்கள், முப்பத்தைந்து ஆண்டுகளாகக் கண்காணிப்பிலும் கட்டுப்பாட்டிலும் வாழ்கிறார்கள், இப்படிக் காலவரையின்றி வைத்திருப்பது அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமைக்கு முரண் என்றார். விதியைத் தளர்த்தும் அதிகாரம் மத்திய அரசுக்கு உள்ளடங்கி இருக்கிறது என்றும் சொன்னார். மனுதாரர்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், ஆட்சியர் தாமதிக்காமல் அனுப்பி வைக்க வேண்டும், மத்திய அரசு 16 வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது உத்தரவு.

இந்தத் தீர்ப்பைப் படித்தவர்களில் இரண்டு கட்சி உண்டு. சட்டத்தில் இல்லாத அதிகாரத்தை நீதிபதி கண்டுபிடித்துவிட்டார் என்பவர்கள் ஒரு பக்கம். துணிச்சல் போதவில்லை, முடிவை மறுபடியும் டெல்லியின் கையிலேயே கொடுத்துவிட்டார் என்பவர்கள் மறுபக்கம். என் கணிப்பில் தீர்ப்பின் பெரிய காரியம் ஒன்றுதான்: தாளை வாங்கு என்றது. அதற்கு முன்னுதாரணமும் இருந்தது. 1964இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து இடம்பெயர்ந்து அருணாசலப் பிரதேசத்தில் குடியமர்ந்த சக்மா மக்களின் விண்ணப்பங்களை உள்ளூர் அதிகாரிகள் மேலே அனுப்பாமல் முடக்கி வைத்தபோது, 1996இல் உச்ச நீதிமன்றம், விண்ணப்பத்தைப் பெற்று அனுப்புவது அதிகாரியின் கடமை என்று சொன்னது. அந்த உத்தரவுக்குப் பிறகும் இழுத்தடிப்பு தொடர்ந்ததால் 2015இல் இன்னொருமுறை சொல்ல வேண்டி வந்தது.

வசித்தாலே போதுமா

எதிர்வாதத்தையும் அதற்குரிய மரியாதையோடு பார்க்க வேண்டும். வெறுமனே நீண்ட காலம் இருந்ததால் ஒருவர் குடிமகன் ஆகிவிட முடியாது என்பது இந்தியச் சட்டத்தில் நிலைத்துவிட்ட கோட்பாடு. 1991இல் உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு பெல்ஜியப் பாதிரியாரின் வழக்கு வந்தது. 1937 முதல் இந்தியாவில் இருந்தவர். அரசமைப்பு நடைமுறைக்கு வந்த 1950 ஜனவரி 26க்கு முந்தைய ஐந்து ஆண்டுகளும் இங்கே வசித்தவர்தான், ஆகவே அரசமைப்பின் 5ஆம் உறுப்பின்படி குடிமகன் என்று வாதாடினார். நீதிமன்றம் ஏற்கவில்லை. இங்கேயே நிலையாக இருந்துவிட வேண்டும் என்ற எண்ணமும் வசிப்போடு சேர்ந்திருக்க வேண்டும், பெல்ஜியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு தங்கும் அனுமதியைப் புதுப்பித்துப் புதுப்பித்து இருந்தவரிடம் அந்த எண்ணம் நிரூபணமாகவில்லை என்றது.

இந்தக் கோட்பாட்டை முகாமுக்குள் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். பாட்டியிடம் வேறு நாட்டுக் கடவுச்சீட்டு இல்லை. திரும்பிப் போகச் சொந்த நிலம் இல்லை, தோட்டத்து லயம் என்றைக்கும் அவர்களுடையதாக இருந்ததில்லை. மகன் இங்கே வளர்ந்து, இங்கே கல்யாணம் முடித்து, பெயின்ட் வேலை செய்கிறார். பேத்தி அரசு மருத்துவமனையில் பிறந்து, அரசுப் பள்ளியில் படித்து, இப்போது கல்லூரியில். நிலையாக இருக்கும் எண்ணத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பாதிரியாரிடம் இல்லை என்று நீதிமன்றம் சொன்னது எதுவோ, அது இங்கே நிறைய இருக்கிறது.

எல்லாரும் இங்கேயே இருக்க விரும்புகிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். மன்னாரில் காணி உள்ளவர்கள் சிலர், இந்தியக் குடியுரிமை எடுத்தால் அங்குள்ள உரிமை போய்விடுமோ என்று தயங்குகிறார்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, எனவே அந்தத் தயக்கம் நியாயமானது. அவர்கள் திரும்பிப் போவதற்கு உதவி வேண்டும். இந்த ஆய்வு இருக்க விரும்புகிறவர்களைப் பற்றியது.

படகில் வந்ததை மறந்த சட்டங்களும் உண்டு

எல்லையைச் சட்டப்படி கடக்காதவருக்கு, வசித்த ஆண்டுகளை வைத்துக் குடியுரிமை தருவது இந்தியாவுக்குப் புதிதே இல்லை. 1985 அசாம் ஒப்பந்தத்தை ஒட்டிக் குடியுரிமைச் சட்டத்தில் 6ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 1966 ஜனவரி 1 முதல் 1971 மார்ச் 24 வரை இன்றைய வங்கதேசப் பகுதியிலிருந்து அசாமுக்கு வந்து வசித்தவர்கள் பதிந்துகொண்டு, பத்து ஆண்டு கழிந்ததும் குடிமக்கள் ஆகலாம். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இன்னும் ஒரு படி போனது. ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறித்தவர் ஆகியோர் சட்டவிரோதக் குடியேறிகள் அல்லர் என்றது. வசிப்புக் காலத்தைப் பதினொன்றிலிருந்து ஐந்தாகக் குறைத்தது. 2024 மார்ச் 11இல் விதிகள் வந்தன. ஆவணங்களிலும் தாராளம் காட்டினார்கள். முகாமில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள், கணிசமானோர் கிறித்தவர்கள். மதக் கணக்கில் பொருந்துகிறார்கள், தேதிக் கணக்கிலும் பொருந்துகிறார்கள். நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லை. மதத்தை அளவுகோலாக்கியதை எதிர்த்துத் தமிழ்நாடு சட்டமன்றம் 2021 செப்டம்பரில் தீர்மானம் போட்டபோது இந்த விடுபடலும் காரணமாகச் சொல்லப்பட்டது. மதத்தால் பிரிப்பது தவறு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதே சமயம், சட்டம் தன் கணக்கை மாற்றிக்கொள்ள முடியும் என்பதற்கு 2019 ஒரு நேரடி ஆதாரம்.

2022இல் மதுரைக் கிளைக்கு இன்னொரு வழக்கு வந்தது. இலங்கைப் பெற்றோருக்கு 1993இல் திருச்சியில் பிறந்த பெண். பிறந்ததிலிருந்து இந்தியாவை விட்டு வெளியே போனதில்லை. 2019 சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடு இலங்கையின் இந்துத் தமிழருக்கும் பொருந்தும் என்று சொல்லி, அவர் விண்ணப்பத்தையும் அனுப்பி முடிவெடுக்க உத்தரவிட்டார் அதே நீதிபதி.

அண்மைய நகர்வு 2025 செப்டம்பரில் வந்தது. புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் மத்திய உள்துறை ஒரு விலக்கு ஆணை போட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மீது, கடவுச்சீட்டு, விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகள் பாயா. முகாம்களில் அன்று வெடி வெடித்தவர்களும் உண்டு. குடியுரிமை கிடைத்துவிட்டது என்றே சிலர் எடுத்துக்கொண்டார்கள். அப்படி இல்லை என்று ஒவ்வொருவருக்கும் விளக்குவது எனக்குச் சங்கடமாக இருந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பாகிஸ்தான், வங்கதேசச் சிறுபான்மையினருக்கும் வேலை இரண்டு படியாகத்தான் நடந்தது. 2015இல் முதலில் கடவுச்சீட்டு விதியிலிருந்து விலக்கு. பிறகு 2019இல், அப்படி விலக்குப் பெற்றவர் சட்டவிரோதக் குடியேறி ஆகமாட்டார் என்று குடியுரிமைச் சட்டத்திலேயே திருத்தம். முதல் படி சிறையிலிருந்து காப்பாற்றும், இரண்டாவது படிதான் வசித்த ஆண்டுகளை எண்ண வைக்கும். இலங்கைத் தமிழருக்கு 2025இல் கிடைத்தது முதல் படி மட்டும். ஆணையால் தண்டனை போகலாம், ஆனால் குடியுரிமைச் சட்டத்தின் வரையறை அதே இடத்தில் இருக்கிறது. நாட்டுப் பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்த்தாலே வழி திறக்கும். மதப் பாகுபாடு இல்லாமல், பதிவு செய்த அகதிகள் எல்லாருக்கும் பொதுவாகத் திருத்தினால் அதைவிட நல்லது.

இங்கே பிறந்தவர் எங்கிருந்து நுழைந்தார்

என்னை அதிகம் உறுத்துவது பேத்தியின் கணக்கு. இந்தியாவில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர் ஏறக்குறைய யார் பிள்ளையானாலும் பிறப்பால் குடிமகன். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இந்த விதியைக் காட்டி 2022இல் நீதிமன்றம் வழியாகக் கடவுச்சீட்டுக்கு வழி செய்துகொண்டார், 2024 மக்களவைத் தேர்தலில் வாக்கும் போட்டார். அதற்குப் பிறகு பிறந்தவருக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு இருவரும் இந்தியர், அல்லது ஒருவர் இந்தியர், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவர் என்று இறுகியது. பேத்தி பிறந்தது 2006.

பிறப்பு வழி அடைபட்டுவிட்டது, சரி. வசிப்பு வழி? சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறை "இந்தியாவுக்குள் நுழைந்த" வெளிநாட்டவர் என்றே தொடங்குகிறது. தாலுகா மருத்துவமனையின் பிரசவ வார்டில் பிறந்த குழந்தை எந்த எல்லையைக் கடந்தது? நுழையாதவரை நுழைந்தவர் என்று எப்படிச் சொல்வது? என் வாசிப்பில், இந்தப் பிள்ளைகளுக்கு 6ஆம் பிரிவு இன்றைக்கே திறந்திருக்கிறது. பதினான்கில் பதினொன்று அல்ல, பதினான்கும் அவர்களிடம் உண்டு. அவர்களுக்குச் சட்டத்தைத் திருத்தவே தேவையில்லை, இருப்பதை எழுத்துப்படி படித்தால் போதும். வழக்கறிஞர் நண்பர் இதை ஏற்கிறார். ஆட்சியர் அலுவலகத்துக் கவுன்டர் ஏற்குமா என்பதுதான் கேள்வி.

இதே அரசின் இன்னொரு சட்டம் பேத்தியை வசிப்பவர் என்று தயக்கமில்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆதாருக்கு விண்ணப்பிக்க முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இங்கே இருந்திருந்தால் போதும். பாட்டி, மகன், பேத்தி மூவரிடமும் அந்த அட்டை இருக்கிறது. கண்ணும் கைரேகையும் கொடுத்து வாங்கியது. ஆனால் கடவுச்சீட்டு இல்லை, வாக்கு இல்லை, சொந்தப் பெயரில் வீட்டுமனை இல்லை, அரசு வேலைக்கு எழுத முடியாது. 2021இல் தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்துப் புது வீடுகள் கட்டத் தொடங்கியது. முகாமின் பெயரை மாற்றியது, குடும்பத் தலைவருக்கு மாத உதவியை 1,500 ரூபாயாக உயர்த்தியது. ஓட்டை ஒழுகல் இல்லாத வீடு பெரிய ஆறுதல்தான், அதைக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் மாநில அரசின் கை குடியுரிமை வரை நீளாது. அது முழுக்க டெல்லியின் கையில்.

அன்று சாயங்காலம் பேத்தியின் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தோம். கரண்ட் போய்விட்டதால் வாசலில் பாய் விரித்தோம். பெயர், பிறந்த இடம், பெற்றோர் விவரம் எல்லாம் ஓடியது. வசித்த முகவரிகள் என்ற கட்டம் வந்தது. பிறந்ததிலிருந்து ஒரே முகவரி, முகாம் வரிசை எண்ணும் வீட்டு எண்ணும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டின் நகல் வேண்டும் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதி, தனித்தாளில் காரணம் சேர்த்தோம். அடுத்து, இந்தியாவுக்குள் வந்த தேதியும் இடமும்.

பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "அண்ணா, இதுல என்ன போடட்டும்?"

பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பாட்டி, 1990ஆம் வருடத்துச் சீட்டை எடுத்து நீட்டினார். "இது என்னோடது இல்ல, பாட்டி," என்று அதைத் திரும்ப உறைக்குள் வைத்துவிட்டு, அந்தக் கட்டத்தில் தன் பிறந்த தேதியையும் மருத்துவமனையின் பெயரையும் எழுதினாள்.